ஊதுபத்தியில் சுட்ட விடைகள்

கவரைப் பிரித்தேன், தவிடு கொட்டியது. கொஞ்சம் மேசையில், கொஞ்சம் சட்டையில், மிச்சம் அப்போதுதான் வந்திருந்த டீயில்.

“மண்ணச்சநல்லூரா?” என்றார் ஆபீஸை நடத்துகிற பிரேமலதா மேடம், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே.

“வேற யாரு, இருசம்மாள்தான். ஏழாவது தடவை.”

“அதே நாலாம் பாடமா?”

“அதே பாடம், அதே தவிடு.”

டீயை ஜன்னல் வழியாகக் கொட்டலாம் என்று எழுந்தேன். கீழே சத்திரம் பேருந்து நிலையம். போன மாதம் இப்படிக் கொட்டியபோது ஒரு பூக்காரம்மா மாடியேறி வந்து என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. உட்கார்ந்து, தவிட்டோடு குடித்தேன். தொண்டையில் ஒட்டிக்கொண்டு குமட்டியது. அன்றைக்கு ஆரம்பித்த குமட்டல் ஒரு வாரம் போகவில்லை. அதில் தவிட்டுக்குப் பங்கு ரொம்பக் கம்மி.

எங்களுடையது தபால் வழி வேதபாட ஆபீஸ். ஆதி சபைகளுக்குப் பவுல் எழுதிய கடிதங்களை ஆறு பாடமாகப் பிரித்து, சின்னச் சின்னப் புத்தகமாக அச்சடித்து, கேட்கிறவர்களுக்கு இலவசமாக அனுப்புவோம். கடைசித் தாளில் இருபது கேள்விகள். சரி, தவறு என்று டிக் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மார்க் எடுத்தால் அடுத்த பாடம் போகும். நாலாவது பாடம் தெசலோனிக்கே ஊர் சபைக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்: விசுவாசம், சோர்ந்துபோகாமல் நிலைத்திருப்பது, கடைசி நாள். அதைத் தாண்டினால் முத்திரை வைத்த சான்றிதழ் உண்டு.

திருத்துகிறவன் நான். அற்புதசாமி, ஓய்வு பெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகன். முப்பத்து நாலு வருஷம் டிக்கெட்டைப் பார்த்தேன், ஆளைப் பார்த்ததில்லை. அதே தகுதியில்தான் இங்கேயும் எடுத்தார்கள்.

திருத்த ஒரு வழி வைத்திருந்தேன். பாடத்துக்கு ஓர் அட்டை. சரியான விடை வருகிற இடத்தில் அட்டையில் ஓட்டை. விடைத்தாள் மேல் அட்டையை வைத்தால், ஓட்டைக்குள் டிக் தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஒரு தாளுக்குப் பதினைந்து வினாடி. ஓட்டைகளை என் மனைவி மட்டுவார்குழலியின் ஊதுபத்தியால்தான் சுட்டேன். பவுலின் கடிதத்துக்கு விடை பார்க்கிற அட்டையில் எட்டு வருஷமாகச் சந்தன வாசனை. இதைக் கண்டுபிடித்தபோது நான் என்னைப் பெரிய மேதாவி என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

அட்டையை வைத்தேன். ஒன்பது. ஏழு தடவையும் ஒன்பது. பதினோரு சிவப்பு வட்டம் போட்டேன்.

அடுத்த கட்டு கைலாசபுரத்திலிருந்து. அங்கே கலையரசன் என்று ஒரு சகோதரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறினாலும் தவறுவார், வேதபாடத்துக்குக் குழு சேர்ப்பதில் தவற மாட்டார். அவர் குழுவிலிருந்து நாற்பது விடைத்தாள் வந்திருந்தது. நாற்பதும் இருபதுக்கு இருபது. தாளின் அடியில், ‘இந்தப் பாடத்தில் நீங்கள் கற்றதை இரண்டு வரியில் எழுதுக’ என்று ஓர் இடம் உண்டு. நாற்பது பேரும் ஒரே இரண்டு வரியைக் கற்றிருந்தார்கள். ஒரு அம்மா மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கற்று, ‘(இங்கே அவரவர் பெயர்) ஆகிய நான் விசுவாசத்தில் உறுதிப்பட்டேன்’ என்று அடைப்புக்குறியோடு எழுதியிருந்தார்.

“மேடம், காப்பி அடிக்கிறதையாவது ஒழுங்கா அடிக்கக் கூடாதா? அருவருப்பா இருக்கு.”

“மார்க் வருதா?”

“அட்டைப்படி இருபது.”

“அப்புறம் என்ன சார்? போடுங்க.”

போட்டேன். அருவருப்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். என் கை எப்போதும் எனக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டுவிடும்.

இருசம்மாளின் தாளைக் கவரில் போடத் திருப்பினபோதுதான் பின்பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி, வட்ட வட்டமாக.

‘ஐயா, அரிசி மில்லில் தூசி ஒத்துக்காமல் நெஞ்சு அடைக்கிறது. இனிமேல் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உறையூரில் சபை நடத்துகிற லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள். உங்கள் சர்டிபிகேட் இருந்தால்தான் மனு வாங்குவார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. அன்றைக்கு நேரில் வருகிறேன். நீங்கள் சிவப்பில் போட்டபடியே மாற்றி எழுதிவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதிலும் எட்டாவதையும் பதிமூன்றாவதையும் என்னால் மாற்றவே முடியாது. கடிதத்தில் அப்படி இல்லை.’

அன்றைக்கு வியாழன்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிடிவாதத்தைப் பாருங்கள், மட்டுவார்குழலியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறோம். கல்யாணத்தின்போது பாஸ்டர், பெயரை மாற்றினால் நல்லது என்றார். “மலைக்கோட்டைத் தாயார் பேருங்க, எங்கப்பா வேண்டிக்கிட்டு வெச்சது. ஆளு வேணும்னா வரேன், பேரு வராது,” என்று சொல்லிவிட்டாள். பாஸ்டர் ஆளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எட்டாவது கேள்வி என்னங்க?”

“யாருக்குத் தெரியும்? நான் ஓட்டையைப் பார்க்கிறவன். கேள்வியைப் படிக்கிறது மாணவனோட வேலை.”

“அந்தக் கடுதாசியையாவது படிச்சிருக்கீங்களா?”

“ஞாயித்துக்கிழமை கோவில்ல வாசிப்பாங்க.”

“வாசிக்கிறப்ப நீங்க தூங்குவீங்க. நான் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்.”

பாகற்காய்க் கையைத் துடைத்துக்கொண்டு விடைத்தாளை வாங்கினாள். எட்டாவது கேள்வியை உரக்க வாசித்தாள்.

“‘கடைசி நாள் வந்துவிட்டது என்று யாராவது கடிதம் எழுதினால் உடனே நம்ப வேண்டும்.’ இந்தம்மா தவறுன்னு போட்டிருக்கு. நீங்க சரியில சிவப்பு வட்டம் போட்டிருக்கீங்க.”

“அப்படியா?”

“பதிமூணு. ‘முடிவு நெருங்கிவிட்டதால் விசுவாசிகள் வேலைக்குப் போக வேண்டியதில்லை.’ இந்தம்மா தவறு. நீங்க சரி. ஏங்க, உங்க பவுல் அப்படியா சொன்னாரு?”

தெரியவில்லை. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன், பாடகர் குழுவில் கட்டைக் குரல், எனக்குத் தெரியவில்லை. அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்தேன். இரண்டு கடிதமும் சேர்ந்தே சில பக்கங்கள்தான். ஒரு கப் காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். எட்டு வருஷமாக எனக்கு அந்தக் காபி நேரம் கிடைக்கவில்லை.

பவுல் சொல்வது நேர் எதிர். எவனாவது எங்கள் பெயரில் கடிதம் எழுதி, நாள் வந்துவிட்டது என்றால் பதறாதீர்கள் என்கிறார். முடிவு வருகிறது என்று சும்மா திரிகிறவர்களைப் பிடித்து, ஒழுங்காக வேலை செய்து சாப்பிடுங்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்குகிறார். படிக்கப் படிக்க என் காது சூடானது.

“பதினஞ்சு கேளுங்க,” என்றாள் மட்டுவார்குழலி. அவளுக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. “‘நன்மை செய்வதில் சோர்ந்துபோகக் கூடாது.’ உங்க அட்டைப்படி தவறு. சோர்ந்துடலாமாம்.”

வேர்த்தது. பாடப் புத்தகம் மூன்று வருஷத்துக்கு முன் புதிதாக அச்சானது. முதல் கேள்வி ரொம்பச் சுலபம் என்று எடுத்துவிட்டு, கடைசியில் ஒன்று சேர்த்தார்கள். அதாவது எல்லாக் கேள்வியும் ஒரு படி மேலே ஏறிவிட்டது. நான் பழைய அட்டையையே வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டாவது கேள்விக்கு ஏழாவதின் விடை, பதிமூன்றாவதுக்குப் பன்னிரண்டாவதின் விடை. வண்டி மாறி ஏறின பயணியைக்கூட நான் இறக்கிவிட்டிருக்கிறேன். முழு ரயிலே தண்டவாளம் மாறிப் போனது தெரியவில்லை.

அப்படியானால் கைலாசபுரத்து நாற்பது பேருக்கு எப்படி இருபது வந்தது? யோசிக்க யோசிக்கப் புரிந்தது. முதலில் படித்து எழுதினவர்கள் ஃபெயில். ஃபெயிலான தாளில் என் சிவப்பு வட்டம் இருக்குமே, அதுதான் விடை என்று கலையரசன் குறித்து வைத்து, அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். அது மற்ற குழுக்களுக்கும் பரவியிருக்கிறது. காப்பி அடித்தவன் பாஸ், கடிதத்தைப் படித்தவன் ஃபெயில். மூன்று வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ் கொடுத்திருந்தோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், வேலைக்குப் போக வேண்டாம், வதந்தியை நம்பலாம், நன்மை செய்து சலித்துவிட்டால் விட்டுவிடலாம் என்று முத்திரையோடு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

சிவப்பு மையை ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒருத்தியைத் தவிர.

“பாகற்காய் கசக்குதா?” என்றாள் மட்டுவார்குழலி, சாப்பிடும்போது.

“இல்ல. நான்தான்.”

வெள்ளிக்கிழமை காலை மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“யாருக்குத் தெரியும் இது?”

“எனக்கு, என் வீட்டுக்காரிக்கு. இருசம்மாளுக்கு ரொம்ப நாளாவே தெரியும்.”

“அந்தம்மாவுக்குப் பாஸ் போட்டு அனுப்பிடுங்க. அட்டையை மாத்திக்கலாம். பழசைக் கிளற வேண்டாம் சார். எங்க அப்பா ஆரம்பிச்ச பாடம், ஊர் சிரிக்கும்.”

“ஏற்கெனவே சிரிக்கிற மாதிரிதானே நடந்திருக்கு மேடம்?”

“உங்களுக்கு ஜோக்காதான் இருக்கும்.”

ஜோக்காக இல்லை. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சான்றிதழை எடுத்து, இருசம்மாள் பெயரை எழுதி, மார்க் என்ற இடத்தில் பன்னிரண்டு என்று போட்டேன். பாஸுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. என் கை முந்திக்கொண்டு ஒத்துக்கொள்ளும் என்று சொன்னேனே.

பதினொரு மணிக்கு இருசம்மாள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. மாடிப்படி ஏறியதில் மூச்சு இழுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து இருமி முடித்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் என் சிவப்பு வட்டங்களோடு ஆறு பழைய தாள்கள், கூடவே ஒரு வேதாகமம்.

“பாஸ்மா. இந்தா சர்டிபிகேட்,” என்றேன், ரொம்பச் சந்தோஷமான ஆள் மாதிரி.

வாங்கிப் பார்த்தாள். முகம் மலரவில்லை.

“பன்னெண்டா? எப்படிங்க ஐயா? இதுவரைக்கும் ஒன்பதுதானே?”

“அதெல்லாம் எதுக்கும்மா? அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேரு.”

“அப்ப நான் எழுதினது சரியா, தப்பா?”

“பாஸ்னு போட்டிருக்குல்ல.”

“நான் கேக்கறது அதில்லைங்க. இரக்கப்பட்டுப் போட்டீங்கன்னா வேணாம். மில்லுல நெல் காய வைக்க டிரையர் மெஷின் வந்தப்ப, வேற வேலை தர்ற வரைக்கும் இரக்கப்பட்டு ரெண்டு மாசம் வெச்சிருந்தாங்க. சும்மா உக்காந்து தின்ன அந்தச் சோறு எறங்கல.” சான்றிதழை மேசையில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். “நான் தப்புன்னா எந்த வரியில தப்புன்னு காட்டுங்க. ஏழு தடவை தேடிட்டேன், கிடைக்கல.”

மேடம் கம்ப்யூட்டருக்குள் போய்விடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில் நான் ஏதாவது உயர்வாகச் சொல்லியிருக்கலாம். “அட்டை தப்பும்மா,” என்றுதான் வந்தது. “மூணு வருஷமா அட்டை தப்பு. அதைவிட, நான் படிக்கவே இல்லை.”

அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஓட்டைகளின் வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள்.

“ஊதுபத்திங்களா?”

“ஆமா. என் வீட்டம்மாது.”

“இதை வெச்சுத்தானா எனக்கு ஃபெயில் போட்டீங்க?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டில் சமையலறைச் சாக்கடையைத் திறந்து பார்க்கிறவள் முகம். அந்த முகத்துக்கு முன்னால் இருப்பதைவிட, பூக்காரம்மாவே இன்னொரு தரம் வந்து திட்டியிருக்கலாம்.

புது அட்டை ஒன்று எடுத்தேன். ஆபீஸில் ஊதுபத்தி ஏது? கொசுவர்த்திச் சுருள் இருந்தது, அதைப் பற்ற வைத்தேன். கேள்வியை நான் வாசிக்க, அவள் வேதாகமத்தில் வரியைத் தொட்டுக் காட்ட, ஒவ்வோர் ஓட்டையாகச் சுட்டோம். ஒரு மணி நேரம் ஆனது. புகைக்கு அவள் இருமினாள், ஜன்னலைத் திறந்தேன். அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இரண்டு இடத்தில் தவிர. அந்த இரண்டில் கடிதம் அவள் பக்கம் இல்லை.

அட்டையை அவள் தாள் மேல் வைத்தேன். பதினெட்டு.

“எந்த ரெண்டு போச்சு?” என்றாள் உடனே.

“மூணாவது, பதினேழாவது.”

“பதினேழை ஒத்துக்கறேன். மூணு எப்படிங்க?”

“ஏம்மா, இப்பத்தானே நீயே வரியைத் தொட்டுக் காட்டின!”

“சரி, விடுங்க,” என்றாள், ஏதோ எனக்காகத் தோற்கிற மாதிரி.

சும்மா இருக்க முடியாமல் கலையரசன் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, அதன் மேலும் புது அட்டையை வைத்துப் பார்த்தேன். ஒன்பது. இத்தனை நாள் நான் இவளுக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே ஒன்பது.

பன்னிரண்டு போட்ட சான்றிதழைக் கிழித்து, பதினெட்டு என்று புதிதாக எழுதினேன். மேடத்தின் முன் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், இருசம்மாளைப் பார்த்தார். “முத்திரை அந்த டிராயர்ல இருக்கு,” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, “மத்தவங்களுக்கும் எழுதித்தான் ஆகணும், இல்ல?” என்றார் சுவரிடம்.

நானும் உறையூருக்குக் கூடப் போனேன். வார்டனம்மா நாற்காலியில் நிரம்பி உட்கார்ந்திருந்தார். மனுக்களைப் புரட்டினார்.

“நாலு பேர் இருபது மார்க் கொண்டுவந்திருக்காங்க. எல்லாம் கைலாசபுரம். இந்தம்மா பதினெட்டு. அதுவும் ஏழு தடவை எழுதினதா மனுவுல இருக்கு.”

“அம்மா, அந்த இருபது எல்லாம் ஒன்பது,” என்றேன். இரண்டு அட்டையையும் மேசையில் வைத்து முழுக்கதையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, வெளியே பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்துவது கேட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

வார்டனம்மா இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?”

“ரயில்வேயில. டிக்கெட் பரிசோதகர்.”

“நல்லவேளை, உங்களை சிக்னல்ல போடல.”

பிறகு இருசம்மாளிடம் திரும்பினார். “நூத்தம்பது பேருக்குச் சாம்பார் வெப்பியா?”

“மில்லுல நெல் வர்ற சீசன்ல இருநூறு பேருக்கு வெச்சிருக்கேங்க. சமையல்கட்டுல புகைபோக்கி இருக்குங்களா? எனக்கு நெஞ்சு ஆகாது.”

“கேஸ் அடுப்பு. பெரிய ஃபேன் இருக்கு.”

“அப்ப வெப்பேன். உப்பு மட்டும் நான் சொல்றதுதான். யாரு சொன்னாலும் மாத்த மாட்டேன்.”

“அது தெரியுது,” என்று வார்டனம்மா மனுவில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். இருசம்மாள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி குமட்டியிருக்கும்.

அடுத்த வாரம் முழுக்க எழுத்துத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அச்சடித்த ஒரே கடிதம். ஆனால் பீரோவுக்கு மேல் ஒரு சாக்கு இருந்தது, இனி வேண்டாம் என்று திருத்தின தாளையே திருப்பி அனுப்பினவர்களுடையது: ‘பாதியில் நிறுத்தியவர்கள்’. இறக்கித் தூசி தட்டி, புது அட்டையை வைத்துப் பார்த்தேன். நாலாம் பாடத்தோடு நின்றுபோனவர்கள் நாற்பத்தேழு பேர். பதினைந்து, பதினேழு, ஒருவருக்கு இருபது. படித்தார்கள், சரியாக எழுதினார்கள், நான் சிவப்பில் வட்டம் போட்டேன், நமக்கு இதெல்லாம் ஏறாது என்று விட்டுவிட்டார்கள். லால்குடியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ‘மன்னிக்கவும் ஐயா, இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்’ என்று எழுதி நிறுத்தியிருந்தது. பதில் எழுத அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்தேன். இந்த நாற்பத்தேழு பேருக்கும் கையால் எழுதினேன். ‘நீங்கள் எழுதியது சரி. நான் படிக்காமல் திருத்தினேன்.’ நாற்பத்தேழு தடவை அதை எழுத, என் எழுத்தே எனக்கு அலுத்துப்போனது.

கடிதம் கிடைத்ததும் கலையரசன் போன் செய்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

“பிரதர், அந்தப் புது அட்டையை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன். எங்க குழுவுல நாற்பது பேர் மறுபடி எழுதணும்ல?”

போனை மேசையில் வைத்துவிட்டுப் போய் வாய் கொப்பளித்தேன். திரும்பி வந்தபோதும் அவர், “ஹலோ, பிரதர், ஹலோ,” என்றுகொண்டிருந்தார்.

ஜூன் கடைசியில் ஐந்தாம் பாடத்துக் கவர் ஒன்று வந்தது. பிரித்தேன். தவிடு இல்லை; ஓரத்தில் சாம்பார்க் கறை. பின்பக்கம், ‘ஃபேன் புகையை நன்றாக இழுக்கிறது. உப்புக்கு இரண்டு நாள் சண்டை. இப்போது சரி’ என்று எழுதியிருந்தது.

அட்டையை எடுக்கவில்லை. பவுலின் கடிதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். பத்தொன்பது சரி. பதினொன்றாவது தப்பு. நிஜமாகவே தப்புத்தானா என்று மூன்று தடவை கடிதத்தைப் பார்த்தேன், பத்தாததற்கு அன்று சாயங்காலம் மட்டுவார்குழலியிடமும் காட்டினேன். தப்புத்தான் என்றாள். அப்புறம்தான் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

எப்படியும் அடுத்த வாரம் சண்டைக்கு ஒரு கவர் வரும். வரட்டும். வரி எண்ணைப் பக்கத்திலேயே குறித்து அனுப்பியிருக்கிறேன்.